மூத்தவள் சொல்லும் விலை

தொண்ணூறு என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது. தாம்பரத்துக்கு மேற்கே, செண்பகா நகரில், ஒரு கிரவுண்டு இடம், அதன்மேல் மழைக்கு ஒழுகுகிற ஒரு பழைய வீடு, தொண்ணூறு லட்சம் நியாயமான விலைதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழிலரசி கேட்டைச் சாத்தினாள். கேட் வழக்கம்போல முதல் இழுப்பில் சாத்திக்கொள்ளவில்லை. கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். அது அவளுக்கு மட்டும் கைவந்த வித்தை, அம்மாவுக்குக்கூட வராது, அம்மா திறந்தே போட்டுவிட்டு வந்துவிடுவாள், மாடு நுழைந்து செம்பருத்தியை மேய்ந்துவிட்டுப் போகும். இந்த வித்தைக்கு என்ன விலை போடுவார்களாம், சதுர அடிக்கு எவ்வளவு. உள்ளே தம்பி செழியன் ஏதோ சொல்ல, நமச்சிவாயம் மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. காலை இட்லித் தட்டெல்லாம் இன்னும் கூடத்திலேயே கிடக்கும். செழியன் பெண்டாட்டி சுபா எடுத்துப் போட மாட்டாள், அவள் விருந்தாளி, பெங்களூரிலிருந்து வந்த விருந்தாளி. ‘பால் வாங்கிட்டு, அப்படியே தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வரேன், என்ன விலை போகுதுன்னு பார்க்கணும்ல’ என்று சொல்லிவிட்டுத்தான் எழிலரசி புறப்பட்டாள். ‘மெதுவா வாக்கா, அவசரம் ஒண்ணும் இல்ல’ என்றான் தம்பி. அவனுக்கு என்ன அவசரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் அக்கா வாயிலிருந்து ஒரு விலை வர வேண்டும், அவ்வளவுதானே.

நேற்றுதான் அம்மாவுக்கு வருஷத் திதி முடிந்தது. வந்த சொந்தமெல்லாம் வடையைக் கட்டிக்கொண்டு போன பிறகும் மாமா மட்டும் தங்கிவிட்டார். எதற்குத் தங்கினார் என்பது இன்று காலை இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. வீடு அப்பா பேரில். அப்பாவுக்கு இரண்டே பிள்ளைகள். ஆளுக்குப் பாதி, அதில் தகராறே இல்லை. ஆனால் இரண்டு படுக்கையறை வீட்டை நடுவில் சுவர் வைத்தா பிரிக்க முடியும். செழியன் சட்னியைத் தொட்டுக்கொண்டே சாந்தமாகச் சொன்னான்: ‘அம்மா வச்ச வழக்கம் இருக்கேக்கா. மூத்தவ பிரிக்கணும், இளையவன் எடுக்கணும். நீ விலை சொல்லு. அந்த விலைக்கு நான் எடுத்துக்கிறேனா, இல்ல உன்னையே எடுத்துக்கச் சொல்றேனான்னு நான் சொல்றேன். எடுக்கிறவங்க மத்தவங்களுக்குப் பாதியக் குடுத்துடணும். அதோட பேச்சு முடிஞ்சுது.’ மாமாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ‘ஊர்ல அண்ணன் தம்பிங்க பூரா இப்படித்தாம்மா பிரிச்சுக்குவாங்க. பொம்பளப் புள்ளதானேன்னு நினைக்காம உனக்கு மூத்தவ மரியாதையக் குடுக்கிறான் பாரு’ என்றார். மரியாதைதான், யார் இல்லை என்றது. கூடுதலாகச் சொன்னால் மற்றவன் தலையில் கட்டிவிடுவான், குறைத்துச் சொன்னால் மற்றவன் தட்டிக்கொண்டு போய்விடுவான், ஆகையால் மூத்தவர் வாயில் நியாயமான விலைதான் வரும் என்று யாரோ புத்திசாலிகள் கண்டுபிடித்த வழக்கம். அந்தப் புத்திசாலிகள் ஒன்றை மறந்துவிட்டார்கள். இரண்டு பேர் மடியிலும் பணம் இருக்க வேண்டும். அப்போதுதான் அது நியாயம். காலமெல்லாம் ஒரு தனியார் பள்ளியில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைக் கண்டுபிடிக்கவா தெரியாது. அவளிடம் பி.எஃப்., டெபாசிட், கழுத்தில் கையில் கிடப்பது எல்லாம் சேர்த்தால் இருபத்தைந்து. அடுத்த வருஷம் ரிட்டயர்டு ஆனால் பென்ஷன் என்று ஒரு பைசா கிடையாது. தொண்ணூறு சொன்னால் அவன் எடுத்துக்கொள்வான், அவள் கையில் நாற்பத்தைந்து வரும், வீடு போகும். நீயே எடுத்துக்கோ என்றாலும் நாற்பத்தைந்துக்கு அவள் எங்கே போவாள், வெளியாளுக்கு விற்றுத்தான் கொடுக்க வேண்டும், அப்போதும் வீடு போகும். ஐம்பது என்று சொன்னால்? பாதி இருபத்தைந்து. அது இருக்கிறது. ‘நீயே எடுத்துக்கோக்கா’ என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு அவளுடையது. சொல்லாவிட்டால் வீடும் இல்லை, இருபதும் நஷ்டம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வானா என்பதுதான் கேள்வி, மீதியெல்லாம் சும்மா.

தெரு முனையில் ரயில்வே கார்டு தாமோதரன் வீடு. போன வருஷம் ஒரு கோடியே பத்துக்குப் போனது. ஏன் போனது? முனை வீடு, வடக்கு வாசல், ஈசான்ய மூலையில் கிணறு. வாங்க வந்தவர் கையில் திசைகாட்டி வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்ததை எழிலரசி துணி உலர்த்தும்போது பார்த்திருக்கிறாள். அந்த ஈசான்ய மூலைக் கிணற்றடியில்தான் தாமோதரன் சம்சாரம் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. திசை என்னவோ நல்ல திசை. ஒன்று பத்து நியாயமா என்று கேட்டால் அநியாயம் என்பாள் அவள், தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரு ரூபாய் பெறாது. அதற்கு எதிரே தெருக்குத்து வீடு. நேர் எதிரே வருகிற தெரு அதன் வாசலில் வந்து முட்டுகிறது என்பதற்காக காம்பவுண்டுச் சுவரில் ஒரு பிள்ளையாரைப் பதித்து வைத்திருக்கிறார்கள், அவர் பாவம் வருகிற ஆட்டோ வெளிச்சத்தையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுபதுக்குக் கேட்கிறார்கள், கொடுக்க மனசில்லாமல் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்றும் அவளிடம் கணக்குப் படித்தவர்கள், ஒருத்தி டாக்டர். தெரு வந்து குத்தி என்ன கெட்டுப்போனது. எழுபது அநியாயம். இங்கே எந்த விலையைத்தான் நியாயம் என்பது. அவளுக்கு நாக்கில் ஒரு கசப்பு தட்டியது. காலை காபி ஆறிப்போனதைக் குடித்ததாலா, இல்லை காலி மனையில் யாரோ குப்பையைக் கொளுத்திவிட்டிருந்த புகையாலா, தெரியவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையானால் எவனுக்காவது கொளுத்த வேண்டும். தேங்காய் நார் எரிகிற வாடை. தேங்காய் கருகுகிற வாடை. எங்கேயோ, எப்போதோ மோந்த வாடை, என்ன என்று பிடிபடாமல் நழுவியது.

இரண்டாவது தெருவில் அந்த எலுமிச்சை மஞ்சள் வீடு. அதைத் தாண்டும்போது இப்போதும் அவள் கால் தானாக எட்டிப் போடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு அந்த வீட்டுப் பையன் மாடி அறையில் தொங்கிவிட்டான். அவனும் அவளிடம் படித்தவன்தான், பின்னத்தில் கீழே இருக்கிற எண்ணை எப்போதும் மறந்துவிடுவான். பெற்றவர்கள் அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுக்க முடியாமல் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போனார்கள். பாதி விலை. வாங்கினவன் சுவருக்கு மஞ்சள் அடித்தான், மாடி அறையை இடித்துப் பெரிதாகக் கட்டினான், கொஞ்ச வருஷம் வாடகைக்கு விட்டான், இப்போது எண்பத்தைந்து சொல்கிறானாம். சாவுக்குக்கூடத் தள்ளுபடிக் காலம் என்று ஒன்று இருக்கும் போலிருக்கிறது, அது முடிந்தால் பழைய விலை ஏறிவிடும். அடுத்தது சந்தானம் வீடு. அங்கே வேறு கூத்து. பாங்கு ஆபீசர் ஒருத்தர் தொண்ணூற்றைந்துக்கு முழுப் பணமும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர், எழிலரசியிடமே இங்கே தண்ணீர் எப்படிம்மா என்று நின்று விசாரித்தார். அக்கம்பக்கத்துக்காரர்கள் அவருக்கு எந்த ஊர் என்று கேட்டார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், அப்புறம் சாயங்காலமாகச் சந்தானம் வீட்டுக்குப் போய்க் காபி குடித்தார்கள். வீடு எண்பத்தைந்துக்கு அவர்களுக்குத் தோதான ஆளுக்குப் போனது. பத்து லட்சத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சந்தானம் எதைக் காப்பாற்றிக்கொண்டார் என்று இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை. அந்த எண்பத்தைந்தைத்தான் இப்போது எல்லாரும் இந்தத் தெரு ரேட் என்கிறார்கள். இதை வைத்துத்தான் அவள் கூட்டிக் கழித்துத் தன் வீட்டுக்குத் தொண்ணூறு என்று கண்டுபிடித்திருக்கிறாள். நல்ல கணக்கு.

வீடு பார்க்க வருகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. காரை விட்டு இறங்கி முதலில் வாசலில் நின்று முகம் சுளிப்பார்கள். பிறகு உள்ளே வந்து சமையலறைக் குழாயைத் திறந்து மூடுவார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், வெளியே போய்க் குசுகுசு என்று பேசுவார்கள், போன் பண்ணிச் சொல்கிறோம் என்பார்கள். அவளைப் பார்க்க வந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். பாடச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், ஒரு கிழவி முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். போய்ப் போன் பண்ணுகிறோம் என்றார்கள், அப்போது இந்த வீட்டில் போனே கிடையாது. கடைசியாக வந்தவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த மாசம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. செழியனுக்கு அப்போதுதான் காலேஜ். அவள் சம்பளம் நின்றால் அவன் படிப்பு நிற்கும். யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். யாரும் போ என்றும் சொல்லவில்லை. அப்பா படுத்தே எட்டு வருஷம் இருந்தார். அவருக்கு மலம் எடுத்துக் கொட்டி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, அப்புறம் பஸ் பிடித்துப் போய்ப் பின்னம் நடத்தினாள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு நினைவு தடுமாறியது, தன் பெண்ணையே யாரு நீ என்று கேட்டாள். இதையெல்லாம் யாரும் விலையில் சேர்க்க மாட்டார்கள். கட்டடத்துக்குத் தேய்மானம் கழிப்பார்களாம், பழைய கட்டடமென்றால் மதிப்பே சைபராம், மண்ணுக்கு மட்டும்தான் விலையாம். சரி. அவளுக்கும் தேய்மானம் கழித்தால் சைபர்தான் வரும். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் செத்துப்போன அம்மா மேல். தன் பங்குக்காவது ஒரு உயில் எழுதி வைத்திருக்கக் கூடாதா. எழுதச் சொல்லி வாய் திறந்து கேட்காத தன் மேல் இன்னும் அதிகமாக வந்தது.

பால் பூத்தில் கூட்டம் இல்லை. இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினால் வீட்டுத் தரகர் ஜம்புலிங்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பல்லைக் காட்டினார். ‘என்ன டீச்சர், முடிவு பண்ணிட்டீங்களா? தம்பி வந்திருக்காராமே.’ எது அவருக்குத் தெரியாது. ‘அம்மா திதிக்கு வந்தான்’ என்றாள். ‘இல்ல, போன மாசம் எனக்குப் போன் அடிச்சாரு. நம்ம வீடு என்ன போகும்னு கேட்டாரு. கண்ண மூடிட்டுத் தொண்ணூறு போகும் சார், எங்கிட்ட விட்டா ஒன்னு வரைக்கும் இழுத்துருவேன்னு சொன்னேன். உங்ககிட்ட சொல்லலியா?’ ‘சொன்னான், சொன்னான்’ என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். தம்பியை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை, அந்த வாய்க்கு அதுவே பழக்கம். பால் பாக்கெட்டின் சில்லிப்பு முழங்கை வரை ஏறியது. அப்படியானால் அவனுக்குத் தெரியும். அவளைத் தெருத் தெருவாகச் சுற்றவிட்டுவிட்டு, அவன் விலையைத் தெரிந்துகொண்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறான். காலையில் அவ்வளவு சாந்தமாகச் சட்னியைத் தொட்டுக்கொண்டது அதனால்தான். நிற்க. அப்படியே ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும். விலை தெரிந்தால் நல்லதுதானே. ஒன்றும் தெரியாதவன் ஐம்பதுக்கு விட்டுக்கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது, ஏமாந்தான் என்றுதான் ஆகும், நாளைக்குத் தெரிந்தால் அக்கா ஏமாற்றிவிட்டாள் என்பான். தெரிந்தவன் விட்டுக்கொடுத்தால்தான் அது விட்டுக்கொடுத்தது. ஐம்பது என்று அவள் சொன்ன மறுநிமிஷமே அவனுக்கு விளங்கிவிடும், அக்காவிடம் இருக்கிறதே அவ்வளவுதான், அக்கா வீட்டைக் கேட்கிறாள் என்று. ஜம்புலிங்கம் ஏதோ கார்டை நீட்டினார். அவள் வாங்கிப் பால் பாக்கெட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள், அது நனைந்தது.

நேரடியாகக் கேட்டால்தான் என்ன என்று ஒரு மனசு கேட்டது. செழியா, எனக்கு வேறு போக்கிடம் இல்லைடா, வீட்டை எனக்கு விட்டுக்கொடு. பத்து வார்த்தை இருக்காது. எத்தனையோ ராத்திரி சொல்லிப் பார்த்திருக்கிறாள், இருட்டில், சுவரைப் பார்த்து. வாய் வரை வந்து திரும்பிப் போய்விடும். கேட்டு வாங்கினால் அது பிச்சை. விலை சொல்லி வாங்கினால் வியாபாரம், யாருக்கும் தலை குனிய வேண்டாம், சுபா முகத்தை நேரே பார்க்கலாம். இந்த வறட்டு ஜம்பத்துக்காகத்தான் இருபது லட்சத்தைப் பந்தயம் கட்டப் போகிறாயா என்று இன்னொரு மனசு காறித் துப்பியது. ஆமாம், கட்டத்தான் போகிறேன். எதை நம்பி? அதுதான் இருக்கிறதே. அம்மா எதைக் கொடுத்தாலும் ஒன்றாகத்தான் கொடுப்பாள், மூத்தவள் பிய்க்கணும், இளையவன் எடுக்கணும் என்பாள், சண்டை வராமல் இருக்க. எழில் எவ்வளவு பார்த்துப் பிய்த்தாலும் செழியன் இரண்டையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பெரிசைத்தான் எடுப்பான். ஒரே ஒரு நாளைத் தவிர. அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரம் கழித்து வந்ததற்காக அப்பா அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அம்மா சமாதானத்துக்குத் தேங்காய் பர்பி ஒரு பெரிய துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அழுதுகொண்டே பிய்த்ததில் கோணலாகப் போய், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. செழியன் வழக்கம்போலப் பெரிசைத்தான் கையில் எடுத்தான். எடுத்தவன் என்னவோ யோசித்து அதைத் திரும்ப வைத்துவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டான். ஏழு வயசுப் பிள்ளை. அவள் அழுத முகத்தைப் பார்த்திருக்கிறான், மனசு கேட்கவில்லை. இதை அவள் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில் அவன் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடினபோது, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இந்த மாசம் முடியாதுக்கா என்றபோது, ஒவ்வொரு தரமும் அந்தப் பர்பியை எடுத்து வைத்துத்தான் அவனை மன்னித்திருக்கிறாள். ஒரு துண்டு பர்பி இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது. இன்னும் ஒரு நாள் தாங்காதா.

அவர்கள் தெரு வந்துவிட்டது. தாழ்ந்த தெரு. அந்த டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, அம்மாவை மொட்டை மாடியில் உட்காரவைத்துக் குடை பிடித்தாள் எழிலரசி. சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு இப்போதும் தெரியும், எத்தனை தரம் வெள்ளையடித்தும் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். அதற்கு ஐந்து லட்சம் குறைக்கலாம் என்று ஜம்புலிங்கம் முன்னொரு தரம் சொன்னார். பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது, அதிலிருந்து சிமெண்டுத் தூசி அவள் செம்பருத்தி இலையிலெல்லாம் படிந்திருந்தது. அங்கே நாற்பத்தைந்துக்கு ஒற்றைப் படுக்கையறை வீடு கிடைக்கும் என்று கேள்வி. தொண்ணூறு சொல்லி, நாற்பத்தைந்தை வாங்கி, அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஜன்னலைத் திறந்தால் தன் வீட்டை இடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். புத்தியுள்ளவள் அதைத்தான் செய்வாள். வகுப்பில் ஒரு பிள்ளை இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் அவளே தொண்ணூறு என்றுதான் திருத்திக் கொடுப்பாள். தொண்ணூறு. ஐம்பது. எது நியாயம் என்றால் இரண்டும் இல்லை. தொண்ணூறு அவளுக்கு அநியாயம், ஐம்பது அவனுக்கு அநியாயம், அவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளை படிக்கிறது, இருபதைச் சும்மா விடு என்று கேட்பதற்கு அவள் யார். யாரா? சம்பளத்தில் அவனுக்குப் பரீட்சைப் பீஸ் கட்டினவள். சரி, தொண்ணூறே சொல்லிவிடுவோம். கேட்டைக் கை தானாகத் தூக்கிப் பிடித்தது, தானாகத் தள்ளியது, எத்தனையோ வருஷமாகச் செய்கிற மாதிரி. அந்தக் கைக்குத் தொண்ணூறில் சம்மதமில்லை.

‘வாம்மா எழிலு, எல்லாம் பார்த்தியா?’ என்றார் மாமா. தட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. செழியன் நாற்காலியை இழுத்துப் போட்டு, ‘உட்காருக்கா, வேர்த்துக் கொட்டுது உனக்கு’ என்றான். நல்ல பிள்ளை. அவள் உட்காரவில்லை. பால் பாக்கெட் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ‘பார்த்தேன் மாமா. அம்பது’ என்றாள். மாமா காதில் சரியாக விழாதவர்போலக் குனிந்தார். ‘எவ்வளவும்மா?’ ‘அம்பது.’ ‘முழு கிரவுண்டும்மா இது’ என்றார் அவர். ‘தெரியும் மாமா. அம்பதுதான்.’ சுபா போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் அவள் கட்டைவிரல் நின்றுவிட்டது. செழியன் அக்காவை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் எவ்வளவு இருக்கிறது, எதற்கு இந்த விலை, எதைக் கேட்கிறாள், ஒன்று பாக்கியில்லாமல் புரிந்துவிட்டது. கண்கூட லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது. அவன் தரையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், சுவரிலிருந்த தண்ணீர்க் கோட்டைப் பார்த்தான். ‘அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா’ என்றான். ‘நானே எடுத்துக்கிறேன்.’

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவனே மறுபடி பேசினான், இந்த முறை குரல் இன்னும் இளகியிருந்தது. ‘நீ எங்கயும் போக வேணாம்க்கா. இப்போதைக்கு நான் வந்து இங்க இருக்கப் போறதில்ல. நீ பாட்டுக்கு இரு. உங்கிட்ட வாடகை கேப்பேனா? வீட்டுக்கும் ஒரு ஆள் இருந்தாப்ல ஆச்சு.’ மாமாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ‘தம்பின்னா இவன்தான் தம்பி’ என்றார், ‘வாடகை இல்லாம யாரு விடுவா இந்தக் காலத்துல. சுபா, இனிப்பு ஏதாவது இருந்தா எடும்மா, நல்ல விஷயம் முடிஞ்சிருக்கு.’ சுபா எழுந்து போய்ப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த மைசூர்பாகு டப்பாவைத் திறந்து, ‘முதல்ல நீங்க எடுத்துக்குங்க அண்ணி’ என்று நீட்டினாள். எழிலரசி எடுத்துக்கொண்டாள். எடுக்காமல் இருந்தால் கேள்வி வரும். வாயில் போட்டதும் நெய்யாகக் கரைந்தது, நல்ல இனிப்பு, நாக்கில் காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த கசப்பு இப்போதுதான் இன்னதென்று பிடிபட்டது. தேங்காய் கருகின கசப்பு. அன்றைக்கு அம்மா கிளறிக்கொண்டிருந்தபோது அப்பா போட்ட சத்தத்தில் அடுப்பைக் கவனிக்கவில்லை, பர்பி அடிப்பிடித்துவிட்டது. பிய்த்ததில் கருகல் பூராவும் பெரிய துண்டின் அடியிலேயே போய்விட்டது, கரிக்கட்டையாக. செழியன் அதைக் கையில் எடுத்தான், திருப்பி அடியைப் பார்த்தான், அதன் பிறகுதான் திரும்ப வைத்தான். அவள் அந்தக் கருகலையும் சேர்த்து ஒரு பொடி மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, என் தம்பி எனக்குப் பெரிசைக் கொடுத்தான் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லப் போனாள்.